கப்பல் விருந்துக்கு வெள்ளையடித்த முகம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சொகுசுக் கப்பலில் பயணம் செய்பவர்கள் விருந்து இரவுகளுக்கு எப்படி அலங்கரித்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த குறிப்பை வாசித்தேன். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் சொந்த நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய பவுண்டேஷனை (முகத்துக்கு அடிப்பூச்சாகப் போடும் நிறக் களிம்பு) பூசி, மேலே வெள்ளைப் பவுடரைத் தாராளமாகத் தட்டி, கன்னத்தில் இளம் ரோஜா நிறம் தடவினால் முகம் இயல்பாகத் தெரியும் என்கிறாரே, அது யாருடைய முகத்துக்கு? மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்கள் பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி இதைச் செய்துபாருங்கள். பத்துப் பேரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் போல இருப்பார்கள். ஆரையம்பதியில் நீண்ட காலமாக மணப்பெண் அலங்காரம் செய்து வருகிறவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கப்பல் பயணமெல்லாம் பணக்காரர் சமாசாரம், நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். காலம் மாறிவிட்டது. கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனின் மணிவிழாவுக்கு மண்டபம் எடுப்பதற்குப் பதிலாகச் சிங்கப்பூரில் கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றி வருகிறார்கள். 2023இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று உல்லாசக் கப்பல் வரத் தொடங்கியபோது இங்குள்ளவர்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. பயணத்துக்கு முன் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு மேக்கப் போட்ட மாதிரியே தெரியக்கூடாது, ஆனால் படத்தில் நன்றாக வர வேண்டும்" என்று கேட்கிறவர்கள் இப்போது சாதாரணம்.

கேட்பது சுலபம். கல்யாண மேக்கப்பைவிட அதுதான் கடினம்.

போகாதவர்களுக்காக அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பயணமென்றால் பெரும்பாலும் ஓரிரு இரவுகளை விசேட உடை இரவாக வைப்பார்கள். அன்று கெப்டன் வந்து பயணிகளை வரவேற்பார். ஆண்கள் கோட் சூட், பெண்கள் நீண்ட கவுன் அல்லது அவரவர் நாட்டு உடை. பட்டுச்சேலை கட்டினால் யாரும் குறை சொல்வதில்லை, திரும்பித்தான் பார்க்கிறார்கள். நடு மண்டபத்தில் கப்பலின் படப்பிடிப்பாளர்கள் பின்னணித் திரையை விரித்துவைத்துப் பளீரென்று பிளாஷ் அடித்துப் படம் எடுத்து, பிறகு அதை விற்பார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் வெளிச்சம் மஞ்சளாகவும் மங்கலாகவும் இருக்கும். மேல்தளத்துக்குப் போனால் உப்புக்காற்றும் ஈரமும். உள்ளே குளிரூட்டி தோலை உலர்த்திவிடும். ஒரே முகம் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இத்தனையையும் தாங்க வேண்டும். அதுவும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கண் முன்னால்.

அந்த ஒரு முழம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கள் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் முத்துவெள்ளையும் செந்தூரமும் அப்பி வந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. விடியவிடிய நடக்கும் ஆட்டத்தில் களரியின் ஓரத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அரசன் யார், மந்திரி யார் என்று தெரிய வேண்டும். மணவறையில் நாங்கள் கனமாகப் பூசுவதும் வீடியோ வெளிச்சத்துக்காகத்தான். அந்தக் கனத்தை அப்படியே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோவதில்தான் கோளாறு. பேசும்போது வாயோரத்தில் பவுண்டேஷன் கோடுகோடாகப் பிளப்பதை எதிரில் இருப்பவர் சூப் முடிவதற்குள் எண்ணிவிடுவார்.

கல்லடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் நெடுநாளைய வாடிக்கையாளர். சுவிஸிலிருக்கும் மகன் அவரையும் கணவரையும் சிங்கப்பூரில் கப்பல் ஏற்றினார். விசேட இரவன்று கப்பலிலிருந்த அழகு நிலையத்திலேயே ஒப்பனைக்கு நேரம் பதிந்துகொண்டார். கட்டணம் எக்கச்சக்கம். பல கப்பல்களில் நடப்பதுபோல அதற்குமேல் சேவைப் பணமும் நூற்றுக்கு 18 வீதம் தானாகவே பில்லில் ஏறியிருந்தது. பணத்தை விடுங்கள். திரும்பி வந்தவர் என் கடைக் கதிரையில் உட்கார்ந்து படத்தைக் காட்டினார். மாம்பழ மஞ்சள் காஞ்சிபுரம், கழுத்தில் பதக்கச் சங்கிலி, எல்லாம் அவருடையது. முகம் மட்டும் வேறு யாருடையதோ. தாடை விளிம்பில் ஒரு கோடு, அதற்குக் கீழே அவருடைய சொந்தக் கழுத்து. காதுமடல்கள் இரண்டும் முகத்தோடு சம்பந்தமில்லாமல் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறப் பிறை. "நாற்பது வருடம் பிள்ளைகள் இந்த முகத்தைத்தான் பார்த்துப் படித்தார்கள், அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன பிடிக்கவில்லையோ தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்தப் படத்தை அவர் வாங்கவில்லை, கைத்தொலைபேசியில் எடுத்த பிரதி மட்டும்தான் இருந்தது.

அந்த ஒப்பனைப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். அவள் பெட்டியில் இருந்த நிறங்கள் அவ்வளவுதான் போலும். மண்ணிறத் தோலின் மீது வெளிறிய பவுண்டேஷனைப் பூசும்போது என்ன நடக்கிறது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள். அதிலுள்ள டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளைப் பொடி அதிகம், மஞ்சளும் சிவப்பும் தரும் இரும்பு ஒக்சைட்டுகள் குறைவு. வெள்ளை, கறுப்பின் மேல் படிந்தால் சாம்பல்தான் வரும், சிவப்பு வராது. நம் தோலில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பொன்னிறச் சாயல் அடியில் ஓடுகிறது. சிலருக்குச் செம்பு கலந்திருக்கும், சிலருக்கு இலேசான பச்சை. இரண்டு பேர் ஒரே அளவு கறுப்பாக இருந்தாலும் ஒருத்திக்குப் பொருந்துவது மற்றவளுக்குப் பொருந்தாது. அக்கா தங்கைக்குக்கூட.

நான் செய்வதைச் சொல்கிறேன், வேண்டுமானால் உங்கள் வாசகிகள் வீட்டிலேயே செய்துபார்க்கலாம். ஆளைக் கண்ணாடிக்கு முன் இருத்துவதில்லை. வெளி விறாந்தையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இருத்துவேன். தாடை எலும்பின்மீது, முகமும் கழுத்தும் சேரும் இடத்தில், மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுப்பேன். மணிக்கட்டிலோ புறங்கையிலோ சோதிப்பதில் அர்த்தமில்லை, கையின் நிறம் வேறு. மூன்றில் எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் அவருடையது. உடனே முடிவு செய்யக்கூடாது. இருபது நிமிடம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கச் சொல்வேன். தோலின் எண்ணெயோடு சேர்ந்து பல பவுண்டேஷன்கள் ஒரு படி கறுத்துவிடும், சில செம்மஞ்சளாக மாறிவிடும். இருபது நிமிடத்துக்குப் பிறகும் மறைந்தே இருந்தால் அது நிற்கும். எதுவும் ஒத்துவராவிட்டால் எவர்சில்வர் தட்டில் இரண்டு நிறத்தைக் குழைப்பேன். கடுகளவு மஞ்சள் கூடினால்கூட முகம் உயிர் பெறுவதைப் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு அலுக்காத கட்டம் அதுதான்.

அடுத்தது நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும். நம்மில் மிகப் பெரும்பாலோருக்குக் கன்னம் ஒரு நிறம், நெற்றியும் வாயோரமும் ஒரு படி கறுப்பு. எல்லாவற்றையும் கன்னத்தின் நிறத்துக்கு இழுத்துச் சமமாக்கினால் முகம் தட்டையாகிவிடும். ஓரம் கொஞ்சம் கறுத்தே இருக்கட்டும், அதுதான் முகத்துக்கு வடிவம். பவுண்டேஷனை முகம் முழுக்கப் பூசவும் தேவையில்லை. மூக்கின் இரு பக்கம், கன்னத்தில் தழும்பு இருந்தால் அங்கே, தாடையில் கொஞ்சம். மீதி உங்கள் சொந்தத் தோல். ஈரமாக்கிப் பிழிந்த பஞ்சால் ஒற்றி ஒற்றிப் படியவைக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. கண்ணுக்குக் கீழ் கருவளையம் இருந்தால் அதை மறைக்கும் கன்சீலர் களிம்பை நேரடியாக வைக்காதீர்கள், அங்கேதான் சாம்பல் பூக்கும். முதலில் கருமையை அடக்கும் செம்மஞ்சள் நிறக் கரெக்டர் பூச்சை மிக மெல்லியதாக ஒற்றினால் நீலமும் கறுப்பும் அடங்கிவிடும். அதன்மேல் கன்சீலர் ஒரு பொட்டுப் போதும்.

பவுடர் விடயத்தில்தான் உங்கள் குறிப்போடு எனக்கு அதிகக் கோபம். நிறமற்றது என்று விற்கப்படும் வெள்ளைப் பவுடர்கள் பலவற்றில் இருக்கும் சிலிக்கா என்ற நுண்பொடி, பிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. படத்தில் மூக்கும் கண்ணுக்குக் கீழுள்ள இடமும் மா பூசியது போல வெளுத்துவிடும். கப்பலில் ஒவ்வொரு திருப்பத்திலும் பிளாஷ் அடிக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். மஞ்சள் சாயல் உள்ள பவுடரை நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் தூரிகையால் தொட்டால் போதும். புறப்படுமுன் அறையிலேயே கைத்தொலைபேசி பிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதேபோல், பகல் முழுக்கத் தளத்தில் பூசியிருந்த சன்ஸ்கிரீனை மாலையில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். துத்தநாக ஒக்சைட் உள்ள சன்ஸ்கிரீனும் படத்தில் வெளுக்கும். இரவு விருந்துக்கு வெயில் காப்பு தேவையுமில்லை.

கன்னத்துக்கு இளம் ரோஜா நிறம் நம் தோலில் ஒன்று தெரியாது, அல்லது சுண்ணாம்பாகத் தெரியும். செங்கல் நிறம், நாவற்பழ நிறம், ஆழ்ந்த பவள நிறம் போட்டுப் பாருங்கள். புட்டியில் பார்க்கப் பயமாக இருக்கும், கன்னத்தில் இரத்தம் ஓடுவதாகத்தான் தெரியும். புருவத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், அடர் மண்ணிறம் போதும். உதட்டின் ஓரம் இயல்பாகவே கறுத்திருந்தால் அதை மறைக்க முயலாமல் அதே நிற லைனரால் வரைந்து உள்ளே சற்றுச் சிவந்த மண்ணிறம் நிரப்பினால் போட்ட சுவடே தெரியாது. கண்மை போடாத தமிழ்ப் பெண் கப்பலிலும் இல்லை. நீரில் கரையாததாகப் பார்த்து மேலிமையின் வேரில் மட்டும் இழுத்தால் கடற்காற்றில் கீழே வழியாது. வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகுதான் பவுடர். வியர்வையின் மேலே பவுடர் போட்டால் களி ஆகும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் இங்கே மணப்பெண் அலங்காரம் செய்தவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கப்பலுக்கே உரிய சில சங்கடங்களும் உண்டு. உட்பக்க அறை எடுத்தால் ஜன்னல் இருக்காது, பகல் வெளிச்சமே கிடைக்காது. குளியலறை விளக்கை நம்பி நிறம் பார்க்கக்கூடாது. ஆகவே நிறத்தை ஊரிலேயே தீர்மானித்துக்கொண்டு போவதுதான் புத்தி. இன்னொன்று, தளத்தில் இரண்டு பகல் வெயிலில் இருந்தாலே முகம் ஒரு படி கறுத்துவிடும். ஊரில் பொருந்திய பவுண்டேஷன் அங்கே வெளிறித் தெரியும். அதனால் அடுத்த கறுத்த நிறத்தில் ஒரு சின்னப் புட்டியையும் கையில் வைத்திருங்கள். கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது கைப்பையில் திரவங்கள் 100 மில்லிலீற்றர் புட்டிகளுக்கு மேல் போகக்கூடாது என்பதால் சின்னப் புட்டிதான் வசதி. சேலை கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தீ அபாயம் கருதிப் பெரும்பாலான கப்பல்களில் துணி அயன் பெட்டி கொண்டுபோக விடமாட்டார்கள். கொசுவத்தை ஊரிலேயே மடித்து, அயன் பண்ணி, ஊசி குத்தி எடுத்துப் போங்கள். இரவு படுக்குமுன் தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுக் கண்ணைச் சுற்றித் தடவினால் நீரில் கரையாத மையும் கழன்றுவிடும். பிறகு முகத்தைக் கழுவிவிடலாம்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பயணத் திகதி நிச்சயமானதும் சில பெண்கள் முதலில் தேடுவது வெளுக்கும் கிறீமை. தயாரித்த இடமும் இல்லாத, உள்ளடக்கமும் அச்சிடாத டப்பா, "ஒரு மாதத்தில் மாறிவிடும்" என்ற வாய்மொழி உத்தரவாதம். மாறத்தான் செய்கிறது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட கிறீம்களில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தோலின் கருநிறம் உற்பத்தியாவதை அது தடுக்கிறது, கூடவே சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தானது. அழகுசாதனப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்பது அதன் வரம்பாக இருந்தது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. வேறு சில கிறீம்களில் வீரியமான ஸ்டீரொயிட் கலந்திருக்கும். தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும். அப்படி மெலிந்த தோலோடு நடுக்கடல் வெயிலில் நின்றால் என்னாகும் என்று யோசியுங்கள். அந்த முகத்தோடு என் கதிரைக்கு வருகிறவர்களுக்கு நான் மேக்கப் போடுவதில்லை, தோல் வைத்தியரிடம் போகச் சொல்கிறேன். வருமானம் போகிறது, போகட்டும். சிட்டையில் விபரம் இல்லாத பொருளை விற்கிறார்கள் என்று கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். எத்தனை பேர் அழைக்கிறார்கள்?

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற நிறுவனம் ஒரே பவுண்டேஷனை 40 நிறங்களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அதைப் பார்த்துத் தங்கள் நிறங்களைக் கூட்டின. 2020இல் ஃபெயர் அண்ட் லவ்லிகூடத் தன் பெயரிலிருந்து 'ஃபெயர்' என்பதை எடுத்துவிட்டது. ஆனால் மட்டக்களப்பிலோ காத்தான்குடிப் பிரதான வீதியிலோ கல்முனையிலோ கடை கடையாக ஏறி இறங்குங்கள். தட்டில் இருப்பது பெரும்பாலும் தந்தம், மணல், இளம் பழுப்பு. நம் நிறத்தைக் கேட்டால், "அது ஓடாது மகள், ஒருவரும் கேட்பதில்லை" என்கிறார்கள். கடையில் இல்லாததை யார் கேட்பார்கள்? கேட்டுக் கேட்டு இல்லையென்ற பிறகு கையில் அகப்பட்டதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதை வைத்து, நம்மவர்களுக்கு வெளிறிய நிறம்தான் பிடிக்கும் என்று கடைக்காரர் கணக்குப் போடுகிறார். எனக்குத் தேவையான ஆழ்ந்த நிறங்களைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவழைக்கிறேன். காத்தான்குடியில் ஒரு கடைக்காரர் மட்டும் என் தொல்லை தாங்காமல் இரண்டு ஆழ்ந்த நிறங்களை எடுத்துவைத்தார். அவை இப்போது அவரிடம் தங்குவதில்லை.

எங்கள் தொழில்காரர்களும் சும்மா இருக்க முடியாது. அழகுக்கலை பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒருவர் முகத்தில் மற்றவர் பழகுகிறார்கள். எல்லோரும் ஒரே வயது, நல்ல தோல். அறுபது வயதுத் தாயின் முகத்தில், சுருக்கம் உள்ள இடத்தில் எவ்வளவு மெல்லியதாகப் போட வேண்டும் என்று பழக்குவதில்லை. கப்பலேறப் போகிறவர்கள் முக்கால்வாசி அந்தத் தாய்மார்தான். அவர்களுக்கு மினுமினுப்புத் தூளைக் கன்னத்தில் தடவிவிட்டு, இளமை என்று சொல்லி அனுப்புவது நியாயமா? மினுக்கம் சுருக்கத்தைத்தான் காட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் குறிப்போடு வந்திருந்த படம் நீலக் கண்ணும் பொன்முடியும் உள்ள ஒரு வெளிநாட்டு நங்கையின் படம். அழகான பெண்தான். அவளுக்கு அந்த இளம் ரோஜா நிறமும் பொருந்தியிருந்தது. அடுத்த முறை இந்த விடயத்தைப் போடும்போது நம் ஊர் முகம் ஒன்றை, வேண்டுமானால் மூன்று வயதில் மூன்று நிறத்தில், போடுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் சொல்லியனுப்புங்கள். கல்லடி ஆசிரியையிடம் பேசிவிட்டேன், மாம்பழ மஞ்சள் சேலையோடு வரத் தயார் என்கிறார். ஒப்பனை என்னுடைய பொறுப்பு, கட்டணம் வேண்டாம். பகல் வெளிச்சம் உள்ள ஒரு விறாந்தையும் பிளாஷ் உள்ள ஒரு கமராவும் மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரக் கலைஞர்,
ஆரையம்பதி.